வட்டுக்கோட்டையின் தேவாலயமும் கல்லூரியும்: 1823ஆ, 1872ஆ?

நீங்கள் கேட்டவை மூன்று. வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியை ஒட்டி நிற்கும் பழைய தேவாலயத்தைக் கட்டியவர்கள் யார்? கல்லூரி 1823இல் தொடங்கியது என்று சிலரும் 1872இல் என்று சிலரும் எழுதுகிறார்களே, எது சரி? சைவக் குடும்பத்தில் பிறந்த உங்கள் பூட்டனாரின் தந்தையார் அங்கே படித்தபோது அவருக்கு ஓர் அமெரிக்கப் பெயரும் இருந்ததாக வீட்டில் சொல்கிறார்களே, அது எப்படி?

மூன்றுக்கும் விடைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதனால் சற்று நீட்டியே எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 1823, 1872 இரண்டுமே சரி. இடையில் 1855 என்று ஓர் ஆண்டு இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சொல்வதால்தான் குழப்பம் வருகிறது. என்னைக் கேட்டால், அந்த ஊரின் வரலாற்றில் அதிகம் பேசப்பட வேண்டிய ஆண்டு அதுதான்.

தேவாலயத்திலிருந்து தொடங்குவோம். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கைக்குப் போனது. அவர்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டைக் கோயிற்பற்றுகளாக, அதாவது ஒரு தேவாலயத்தின் பொறுப்பிலுள்ள ஊர்த் தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு தேவாலயம் அமைத்தார்கள். வட்டுக்கோட்டையும் அவற்றில் ஒன்று. 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வந்தார்கள். கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றிவிட்டு, அதே இடங்களைத் தங்கள் சீர்திருத்தச் சபைக்கு (புரட்டஸ்தாந்து சபைக்கு) எடுத்துக்கொண்டார்கள். பல இடங்களில் கட்டடத்தைப் புதிதாகவே எழுப்பினார்கள். வட்டுக்கோட்டையின் பழைய கட்டடம் போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திக் கட்டியது என்று சொல்வது அதனால்தான். யாழ்ப்பாணத்துப் பழைய தேவாலயங்களின் சுவர்களை அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கடலோர முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர்கள். கூரை போனாலும் சுவர் போகாது. இது பின்னால் பெரிய விஷயமாக வரப்போகிறது.

ஒல்லாந்தர் காலத்தில் கோயிலும் பள்ளிக்கூடமும் தனித்தனி அல்ல. ஒவ்வொரு கோயிற்பற்றிலும் தேவாலயத்தோடு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அந்தப் பள்ளி ஆசிரியரே ஞானஸ்நானம், திருமணம் முதலியவற்றைப் பதியும் தோம்பையும் வைத்திருந்தார். அரச உத்தியோகத்துக்கும் திருமணப் பதிவுக்கும் ஞானஸ்நானம் வேண்டியிருந்ததால் ஊர் மக்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு, வீட்டில் சைவர்களாகவே வாழ்ந்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும் கோயில்கள் காலியாயின. பேணுவார் இல்லாமல் கூரைகள் விழுந்தன.

கூரையில்லாத அந்தச் சுவர்களுக்கு முன்தான் அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷனரிமார் வந்து நின்றார்கள். 1815 அக்டோபரில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய ஒரு சிறு குழு 1816 மார்ச்சில் கொழும்பு சேர்ந்தது. ஆளுநர் பிரவுன்றிக் அவர்களை யாழ்ப்பாணத்தில் இருக்க அனுமதித்தார். டானியல் பூர், எட்வர்ட் வாரன் இருவரும் தெல்லிப்பழைக்குப் போனார்கள். பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் இருவரும் வட்டுக்கோட்டைக்கு வந்தார்கள். பழைய கோயிலும் குருமனையும் அரசின் அனுமதியோடு அவர்கள் கைக்கு வந்தன. சுவர் இருந்தது, கூரை போட்டார்கள். புதிதாகக் கட்டப் பணமில்லாத ஒரு மிஷன் யாழ்ப்பாணத்தின் கிராமங்களில் வேரூன்ற முடிந்ததற்கு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு வேறு யாரோ கட்டிவைத்த அந்தச் சுவர்கள் ஒரு முக்கியக் காரணம்.

அவர்கள் கிராமங்களில் நிலைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1820இல் இலங்கை அரசு இனி அமெரிக்க மிஷனரிமார் யாரும் வரக்கூடாது என்று தடை போட்டது. அச்சுக்கூடத்தை நடத்துவதற்காக வந்த கேரட் என்ற அச்சாளரையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1833 வரை அந்தத் தடை நீடித்தது. ஆள் கூட்ட முடியவில்லை, பரவ முடியவில்லை. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்ற ஐந்து நிலையங்களுக்குள், இருந்த சிலரே தங்கள் முழு உழைப்பையும் பள்ளிகளில் கொட்டினார்கள். இவ்வளவு சிறிய பரப்பில் இவ்வளவு பள்ளிகள் முளைத்ததை வெறும் மிஷனரி உற்சாகம் என்று மட்டும் எழுதிவிட முடியாது.

அவர்கள் முதலில் தொடங்கியவை ஊர்ப் பள்ளிகள். அவற்றை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஊரில் ஏற்கெனவே திண்ணைப் பள்ளி நடத்திவந்த சைவ உபாத்திமாரே. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு எழுத்தாணியும் ஓலையும் எடுத்த பழைய முறை அப்படியே தொடர்ந்தது. பாடத்தோடு விவிலியக் கதையும் வினாவிடையும் சேர்ந்தன. உபாத்தியாருக்குச் சம்பளம் வந்திருந்த பிள்ளைகளின் தலைக்கணக்கில் கொடுக்கப்பட்டது. அதனால் பிள்ளைகளை வீடு வீடாகத் தேடிச் சேர்க்கும் வேலையை மிஷனரிமார் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இனி உங்கள் முன்னோரின் பெயருக்கு வருகிறேன். ஊர்ப் பள்ளியில் படித்துவிட்டு மாலையில் வீட்டுக்குப் போகும் பிள்ளை வீட்டுச் சமயத்திலேயே நிற்கும் என்று மிஷனரிமார் கருதினார்கள். அதனால் விடுதிப் பள்ளி தொடங்கினார்கள். முதலில் தெல்லிப்பழையில், பிறகு மற்ற நிலையங்களிலும். பெற்றோரின் முதல் கவலை சோறு. பிற சாதியார் சமைத்ததை, அதுவும் வெள்ளைக்காரர் வளவில், உண்பது பெரிய இழுக்கு. வளவுக்கு வெளியே தனிச் சமையற்கூடம், வெள்ளாளச் சமையற்காரர் என்று ஏற்பாடு செய்த பிறகுதான் பிள்ளைகள் தங்கத் தொடங்கினார்கள்.

அந்தப் பிள்ளைகளின் உணவுக்கும் உடைக்குமான பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்குள்ள ஒரு தேவாலயமோ ஒரு தனிமனிதரோ ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொள்வார். அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரை வைக்கும்படி கேட்பார். பெரும்பாலும் தம் போதகரின் பெயர், இறந்துபோன உறவினரின் பெயர், ஓர் அறிஞரின் பெயர். இப்படித்தான் யாழ்ப்பாணத்துச் சிறுவர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன், நத்தானியேல் நைல்ஸ் என்றெல்லாம் ஆனார்கள். ஆகவே அமெரிக்கப் பெயர் இருந்தது என்பதாலேயே உங்கள் முன்னோர் ஞானஸ்நானம் பெற்றவர் என்று முடிவு கட்ட வேண்டாம். பெயர் பள்ளிப் பதிவேட்டில் சேர்ந்த அன்றே கிடைத்துவிடும்; ஞானஸ்நானம் பல ஆண்டுகள் கழித்து வரலாம், வராமலும் போகலாம். பாவலர் சரித்திர தீபகம் என்ற நூலை 1886இல் வெளியிட்ட அ. சதாசிவம்பிள்ளைக்கு ஜே. ஆர். ஆர்னல்ட் என்றும் பெயர். இந்த இரட்டைப் பெயர் வழக்கத்தை அறியாத சில ஆய்வாளர்கள் ஒரே மனிதரை இருவராக எண்ணி எழுதியதை நானே கண்டிருக்கிறேன்.

விடுதிப் பள்ளிகளில் தேறியவர்களுக்கு உயர்கல்வி தர ஓர் இடம் தேவைப்பட்டது. 1823இல் வட்டுக்கோட்டைத் தேவாலயத்தின் பக்கத்திலேயே அதைத் தொடங்கினார்கள். கல்லூரி என்றே பெயரிட விரும்பினார்கள். கல்லூரி என்று நடத்துவதற்கான உரிமைப் பட்டயத்தை அரசு கொடுக்கவில்லை. அதனால் செமினரி என்ற பெயர் நிலைத்தது. டானியல் பூர் முதல் அதிபர். இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் ரிச்சர்ட் ஒட்லியின் பெயரால் எழுந்த ஒட்லி மண்டபம் கல்லூரி வளாகத்தில் உள்ள அந்தக் காலத்துச் சின்னம்.

அங்கே கற்பித்த பாடங்களின் பட்டியலைப் பார்த்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. ஆங்கிலம், தமிழ் இலக்கண இலக்கியம், விவிலியம், யூக்கிளிட் வடிவகணிதம், அட்சரகணிதம், திரிகோணகணிதம், வானியல், தத்துவம், சிலருக்குச் சமஸ்கிருதமும். பூருக்குப் பின் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டன் சைவ சித்தாந்தத்தை ஊன்றிக் கற்று சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். எதிர்ப்பதற்காகவே அவர் படிக்கத் தொடங்கியிருக்கலாம். ஆனால் அந்த மொழிபெயர்ப்பு சித்தாந்தத்தை மேற்குலகுக்கு எடுத்துச் சென்ற முதல் முயற்சிகளில் ஒன்றாகிவிட்டது. 1850 அளவில் இலங்கையில் உயர் அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத் தக்கது வட்டுக்கோட்டை என்று எழுதினார். அரச அதிகாரி ஒருவர் ஒரு கிராமத்துப் பள்ளியைப் பற்றி அப்படி எழுதியது சாதாரணமல்ல.

செமினரி ஊரோடு எப்படி மோதியது என்பதற்கு 1829 மார்ச் மாதச் சந்திர கிரகணம் நல்ல சான்று. பக்கத்து ஊரான அராலியில் விசுவநாத சாஸ்திரியார் என்ற பெரிய பஞ்சாங்க கணிதர் இருந்தார். குடாநாடு முழுவதும் அவர் கணித்த பஞ்சாங்கத்தையே நம்பியது. அந்தக் கிரகணத்துக்கு அவர் கொடுத்த கணிப்புக்கும் டானியல் பூரின் கணிப்புக்கும் தொடங்கும் நேரம், முடியும் நேரம், நிலா மறையும் அளவு ஆகிய மூன்றிலும் வேறுபாடு இருந்தது. பூர் அதை முன்கூட்டியே ஊரறியச் சொல்லிவிட்டார். குறித்த இரவில் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தவர்களுக்குப் பூரின் கணக்கு சரியாக வந்தது. பஞ்சாங்கம் தோற்றால் சைவம் தோற்றதாகும் என்று மிஷனரிமார் எண்ணினார்கள். ஊர் மக்கள் அப்படி எண்ணவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட முடிவு வேறு: இந்தக் கணிதத்தை நம் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

இந்த ஒரு நிகழ்ச்சியில் வட்டுக்கோட்டையின் முழு வரலாறும் அடங்கியிருப்பதாக நான் நினைக்கிறேன். மிஷனுக்குத் தேவை சபை; அதற்குப் பள்ளி ஒரு வழி. ஊருக்குத் தேவை பள்ளி. அதற்காகச் சபையைப் பொறுத்துக்கொண்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள் இரு தரப்பும் ஒன்றையொன்று பயன்படுத்திக்கொண்டன. இரண்டும் நன்றாகவே பயன்பெற்றன என்பதையும் மறுக்க முடியாது. 1841 ஜனவரியில் வெளிவரத் தொடங்கிய உதயதாரகை என்ற தமிழ், ஆங்கில இருமொழி இதழின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினரி மாணவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவர் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும். இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். விசுவநாதபிள்ளை வீசகணிதம் என்ற பெயரில் அட்சரகணிதத்தைத் தமிழில் எழுதினார். தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் சைவத்துக்குத் திரும்பி, தொல்காப்பிய உரைகளையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். செமினரியின் ஆகச் சிறந்த மாணவர் தமிழுக்குச் செய்த மிகப் பெரிய பணி, மிஷன் திட்டத்தில் இல்லாத பணி.

பாஸ்டனில் இருந்த அமெரிக்க மிஷன் தலைமையகத்துக்கு இது வேறுவிதமாகத் தெரிந்தது. அதன் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் 1854, 1855 ஆண்டுகளில் இந்தியாவிலும் இலங்கையிலும் நேரில் சுற்றி வந்தார். அவருடைய கணக்கு எளிமையானது. செமினரியில் படித்தவர்கள் போதகர்களாகவில்லை, கிராமங்களுக்குத் திரும்பவில்லை. ஆங்கிலம் கற்றதும் அரச உத்தியோகத்துக்கும் வணிக நிறுவனங்களுக்கும் போய்விட்டார்கள். பிற்காலத்தில் கட்டணம் செலுத்திச் சேர்ந்தவர்கள் ஆங்கிலத்துக்காகவே வந்தவர்கள். சபை தன் சொந்த மக்களால், தன் சொந்த மொழியில், தன் சொந்தச் செலவில் நடக்க வேண்டும் என்பது ஆண்டர்சனின் கொள்கை. அதற்கு ஆங்கிலச் செமினரி தடை என்று தீர்மானித்தார். 1855இல் செமினரி மூடப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் டானியல் பூர் மானிப்பாயில் வாந்திபேதியில் இறந்திருந்தார்.

ஆண்டர்சன் சொன்னதில் ஒரு பாதி எனக்கு உடன்பாடு. தாய்மொழியில் உயர்கல்வி முடியும் என்பதை அதே மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் நிரூபித்துக் காட்டினார். 1848இல் மருத்துவப் பயிற்சியைத் தொடங்கி, பின்னர் முழுவதும் தமிழிலேயே கற்பித்து, உடற்கூறு முதல் அறுவை மருத்துவம் வரை தமிழ் நூல்களை உருவாக்கினார். ஆனால் கிறீன் ஒன்றைக் கட்டினார். ஆண்டர்சன் ஒன்றை இடித்தார். செமினரியில் ஆங்கிலமும் தமிழும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருந்தன. தமிழுக்காக என்று சொல்லி ஆங்கிலத்தை எடுத்தபோது தமிழில் அறிவியல் எழுதக்கூடிய தலைமுறையின் ஊற்றும் சேர்ந்தே அடைபட்டது. விசுவநாதபிள்ளையைப் போன்ற ஒருவர் செமினரி இல்லாமல் உருவாகியிருக்க மாட்டார்.

மூடியதும் ஊர் என்ன செய்தது என்பதுதான் முக்கியம். அடுத்த ஆண்டே பழைய மாணவர்கள் வட்டுக்கோட்டையிலேயே ஆங்கிலப் பள்ளி ஒன்றைத் தாங்களாகத் தொடங்கிவிட்டார்கள். 1860களில் உயர்கல்விக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. உள்ளூரில் நன்கொடை திரட்டினார்கள். அமெரிக்காவிலும் ஒரு நிதி உருவானது. 1872இல் அதே வளாகத்தில், அதே தேவாலயத்தின் அருகில், யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. செமினரியில் முன்பு கற்பித்த ஈரோட்டஸ் ஹேஸ்டிங்ஸ் அதிபரானார். நிர்வாக சபையில் தமிழர்களும் இடம்பெற்றார்கள். 1823இல் தொடங்கியதை மிஷன் தொடங்கியது என்று சொல்லலாம். 1872இல் தொடங்கியதை ஊர் கேட்டுப் பெற்றது. கல்லூரி தன் வயதை 1823இலிருந்து எண்ணுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இடைப்பட்ட 17 ஆண்டுகளை மறைத்துவிட்டால் அந்தப் பழைய மாணவர்களின் உழைப்பும் மறைந்துபோகும்.

பெண்கல்வியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் வட்டுக்கோட்டையின் கதை உடுவில் இல்லாமல் முழுமையாகாது. 1824இல் ஹாரியட் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே பெண்களுக்கான மிகப் பழைய விடுதிப் பள்ளிகளில் அது ஒன்று. படித்த பெண்ணை யார் மணப்பார் என்பது அன்றைய பெற்றோரின் கேள்வி. செமினரியில் படித்த இளைஞர்கள் அதற்கு விடையானார்கள். 1840இல் வந்த எலிசா அக்னியூ ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தாய்நாட்டுக்கே திரும்பாமல் அங்கே கற்பித்தார். ஆயிரம் மகள்களின் தாய் என்று அவரைச் சொன்னார்கள். உங்கள் குடும்பத்தில் அந்தத் தலைமுறையில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் இருந்திருந்தால் முதலில் உடுவிலில் தேடிப் பாருங்கள்.

சாதியைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செமினரியின் மாணவர்கள் பெரும்பாலும் வெள்ளாளக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்த்தபோதெல்லாம் எதிர்ப்பு வந்தது. சமையற்கூடத்தில் செய்த சமரசம் வகுப்பறைக்குள்ளும் நீண்ட காலம் இருந்தது. செமினரியின் புகழைப் பாடும் நூல்கள் பல இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது நியாயமில்லை.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறத் தொடங்கியதற்கும் இதே வளாகம் ஒரு களமானது. கல்லூரி ஆசிரியரான ஹன்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழர்களும் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. சமபந்தி போசனம், தாய்மொழிக் கல்வி, முழு விடுதலை என்று அவர்கள் பேசினார்கள். அவர்கள் அழைப்பில்தான் 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். ஒரு காலத்தில் தனிச் சமையற்கூடம் கேட்ட பள்ளியிலிருந்தே சமபந்திக் குரல் எழுந்ததை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

தேவாலயத்தின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மிஷனின் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தன. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணம் அதன் ஆதீனங்களில், அதாவது மறைமாவட்டங்களில், ஒன்றானது. எஸ். குலேந்திரன் முதல் பேராயர். வட்டுக்கோட்டைத் தேவாலயம் பேராலயமானது. நிர்வாகம் சென்னையோடு இணைந்தாலும் ஆதீனம் இருப்பது இலங்கையில். இந்த அமைப்பு பலருக்குப் புதிராக இருக்கும். பள்ளிகளைப் பொறுத்தவரை, 1960இல் இலங்கை அரசு உதவி பெறும் பள்ளிகளைப் பொறுப்பேற்றபோது தெல்லிப்பழை யூனியன் கல்லூரி உட்பட மிஷன் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசிடம் போயின. யாழ்ப்பாணக் கல்லூரியும் உடுவில் மகளிர் கல்லூரியும் தனியார் பள்ளிகளாகவே நின்றன.

உங்கள் முன்னோரைத் தேடும் வழி இது. அவர் 1855க்கு முன் படித்தவர் என்றால் செமினரி மாணவர். 1872க்குப் பின் என்றால் கல்லூரி மாணவர். செமினரி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆங்கிலத்தில் அறிக்கைகளை அச்சிட்டு வெளியிட்டது. அமெரிக்க மிஷன் தலைமையகத்தின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹவுட்டன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. தேடும்போது தமிழ்ப் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். அமெரிக்கப் பெயரையும், அதை அன்றைய ஆங்கிலத்தில் எழுதியிருக்கக்கூடிய எல்லா எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்துத் தேடுங்கள். வட்டுக்கோட்டை அந்த ஆவணங்களில் பட்டிக்கோட்டா என்றுதான் இருக்கும்.